சிங்கப்பூரில் உள்ளூர் நண்பர்களும் உள்ளூர் மொழிகளும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு முதல் மாதத்திலேயே வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். தேக்கா சந்தையில் வாழைக்காயும் சின்ன வெங்காயமும், சிராங்கூன் ரோட்டில் இட்லி, வீட்டில் வசந்தம் தொலைக்காட்சி, காதில் ஒலி 96.8, ரயிலில் தமிழ் அறிவிப்பு, கம்பெனியில் நாலு ஊர்க்காரர்கள். இந்த வசதியே ஆளைக் கட்டிப்போட்டும் விடுகிறது. பத்து வருடம் இங்கே இருந்துவிட்டு, ஒரு சிங்கப்பூரர் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், நன்றாகப் பழகக்கூடியவர்கள். எங்கே ஆரம்பிப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இந்த ஊரில் நட்பு அமைகிறது. மொழிப் பழக்கமும் அப்படித்தான் வருகிறது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதல் படி: ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிங்கப்பூருக்கு ஆட்சிமொழிகள் நான்கு: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம். தேசிய மொழி மலாய். தேசிய கீதமும் மலாயில்தான் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. மாண்டரின் 29.9, மலாய் 9.2, தமிழ் 2.5. ஆக, ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். ஆனால் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசும் அதே மனிதர், தன் அம்மாவிடம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியிலோ மலாயிலோ பேசுவார். அந்த வீட்டுப் பேச்சில் இரண்டு வார்த்தை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இன்னொரு விஷயம். இங்குள்ளவர்கள் பெரும்பாலும் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். ஒரே இனத்தவர் ஒரே புளோக்கில் குவிந்துவிடாதபடி 1989-லிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. அதனால் நீங்கள் வீவக வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாலும், அதே மாடியில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாரும் இருக்கும் வாய்ப்பு அதிகம். உள்ளூர்க்காரரைத் தேடிப் பேருந்து ஏற வேண்டியதில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே பக்கத்தில் நிற்கிறார்.

பிறகு ஏன் கஷ்டமாக இருக்கிறது? இங்குள்ளவர்களின் நட்பு வட்டம் சின்ன வயதிலேயே அமைந்துவிடுகிறது. தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, ஆண்களுக்கு அதன்பின் இரண்டு வருடம் தேசிய சேவை. ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அதே கூட்டமாகத்தான் சாப்பிடப் போகிறார்கள். உங்களை வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை. அவர்களுக்குப் புதிய நண்பரைத் தேடும் தேவை வரவில்லை, அவ்வளவே. இதைப் புரிந்துகொண்டால், முதல் மூன்று மாதம் யாரும் கூப்பிடாததை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

இரண்டாம் படி: ஒரே காப்பிக்கடை, ஒரே நேரம்

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடையையோ, பல உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணவங்காடி நிலையத்தையோ தேர்ந்தெடுங்கள். தினமும், முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாளாவது, அதே நேரத்துக்குப் போங்கள். உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த ஊர் ஒன்றாக உட்காரும் இடம் அதுதான்.

அங்கே முதல் பாடம் பானக் கடையில். மலாய், ஹொக்கியன், கண்டனீஸ் எல்லாம் கலந்த ஒரு தனி மொழி அது. வெறுமனே 'கோப்பி' என்றால் இனிப்பான கெட்டிப்பால் ஊற்றியது. 'கோப்பி ஓ' பால் இல்லாமல் சர்க்கரையோடு வரும். 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது. 'சியூ தாய்' இனிப்புக் குறைவு, 'காவ்' திக்காக, 'பெங்' ஐஸ் போட்டது. தேநீருக்கு 'கோப்பி' இருந்த இடத்தில் 'தே' போட்டுக்கொள்ளுங்கள்.

'தே சி கோசோங்' என்று ஒரே மூச்சில் சொல்ல வரும்வரை வீட்டிலேயே சொல்லிப் பாருங்கள். கடையில் இருக்கும் ஆண்ட்டிக்கு நேரம் கிடையாது. பின்னால் ஆறு பேர் நிற்பார்கள். நீங்கள் தயங்கினால் அவரே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். தயங்காமல் சொன்னால், உள்ளே இருக்கும் அங்கிளைப் பார்த்து அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார். சில வாரங்களில் உங்களைப் பார்த்ததும் அவரே 'தே சி கோசோங் ஆ?' என்று கேட்பார். அந்த நாள் வந்ததும் அடுத்த அடி வையுங்கள்: 'ஆண்ட்டி, சாப்பிட்டாச்சா?' மாண்டரினில் 'ச்சி பாவ் லெ மா?', மலாய்க்காரர் கடையென்றால் 'சுடா மாக்கான்?'. நம் ஊரில் போலவே இங்கும் நலம் விசாரிக்கும் கேள்வி இதுதான்.

மேசை மீது டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தாதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து உணவங்காடி நிலையங்களில் இதைச் சட்டப்படி அமல்படுத்துகிறார்கள். வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். மாற்றி வைக்காதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

மூன்றாம் படி: ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள். என் யோசனை, மலாய்

பெரும்பாலோர் மாண்டரின் பக்கம் ஓடுகிறார்கள். மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கு சீனர்கள், வேலைக்கும் உதவும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் முழு நேர வேலை பார்த்துக்கொண்டு, சீன எழுத்தும் நாலு தொனியும் கற்று, கடைக்காரரோடு நாலு வாக்கியம் பேசும் நிலைக்கு வர நெடுநாள் பிடிக்கும். பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

மலாய் அப்படியில்லை. ஆங்கில எழுத்திலேயே எழுதுகிறார்கள். காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறாது. சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் எல்லாவற்றுக்கும் 'மாக்கான்'தான். முன்னால் 'சுடா' போட்டால் முடிந்துவிட்டது, 'நாக்' போட்டால் வேண்டும் அல்லது செய்யப்போகிறேன். நாக்குக்கும் சிரமமில்லை. கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்' என்று பல சொற்கள் ஏற்கெனவே நம் வீட்டுச் சொற்கள். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால், இரண்டு மூன்று மாதத்தில் தைரியமாக வாய் திறக்கலாம். வயதான சீனர்கள், இந்தியர்கள் பலருக்கும் கொஞ்சம் மலாய் தெரியும். பக்கத்து மலேசியாவிலும் பயன்படும்.

ஆரம்பத்துக்கு இவை போதும்: 'பெராப்பா?' எவ்வளவு, 'புங்குஸ்' பார்சல், 'தாக் நாக் பெடாஸ்' காரம் வேண்டாம், 'செடாப்' ருசி, 'போலே' முடியும், 'தாக் போலே' முடியாது, 'தெரிமா காசி' நன்றி, 'சாமா சாமா' பரவாயில்லை. பெரியவர்களை 'மாக்சிக்', 'பாக்சிக்' என்றும், உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர்களை 'காக்காக்', 'அபாங்' என்றும் கூப்பிடுங்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது நமக்குப் புதிதில்லையே.

காதுக்கும் தீனி வேண்டும். சமைக்கும்போது மலாய் வானொலி வார்னா 94.2 ஓடட்டும். மலாய் நாடகங்களை சூரியா ஒளிவழியில் பார்க்கலாம். மாண்டரின்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஒளிவழி 8 நாடகங்களை ஆங்கில வசனவரியோடு பாருங்கள். அதில் வரும் குடும்பப் பேச்சு பாடப்புத்தகத்தில் கிடைக்காது. மாண்டரினில் முதலில் எண்களைப் படியுங்கள், பிறகு 'துவோ ஷாவ் ச்சியென்?', 'ஷியே ஷியே', 'ஹாவ் ச்சி'. எழுத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சிங்லிஷ், அதாவது இங்குள்ளவர்களின் பேச்சு ஆங்கிலம், பற்றி ஒரு வார்த்தை. 'லா', 'லோ', 'மா' எல்லாவற்றையும் முதல் வாரமே ஒட்டவைத்துப் பேச வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஓர் இழுவை உண்டு. முதலில் காதால் வாங்குங்கள். 'கேன்', 'கேனாட்' இரண்டை மட்டும் உடனே எடுத்துக்கொள்ளலாம். பாதி உரையாடல் அதிலேயே ஓடிவிடும்.

நான்காம் படி: வாரம் ஒரு முறை, கைக்கு வேலை இருக்கும் இடம்

வெறும் அறிமுகக் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. பெயர் சொல்வார்கள், எங்கே வேலை என்பார்கள், எண்ணை வாங்கிக்கொள்வார்கள், அத்தோடு சரி. கை ஏதாவது செய்துகொண்டிருந்தால்தான் வாய் இயல்பாகப் பேசும். அப்படிப்பட்ட இடங்கள் இங்கே நிறைய இருக்கின்றன.

முதலாவது சமூக மன்றம். இவற்றை நடத்தும் மக்கள் கழகம் 1960-ல் தொடங்கப்பட்டது. இன்று ஏறக்குறைய எல்லாப் பேட்டையிலும் அதன் மன்றம் ஒன்று உண்டு. சமையல், நடனம், பூப்பந்து, உரையாடல் மலாய், உரையாடல் மாண்டரின் என்று வகுப்புகள் நடக்கும். ஒன்பிஏ செயலியில் பார்த்துப் பதிவு செய்யலாம். வெளிநாட்டவரும் சேரலாம், உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் சற்றுக் கூடும். ஒரு நாள் பட்டறையில் சேராதீர்கள். எட்டு, பத்து வாரம் ஓடும் வகுப்பாகப் பாருங்கள், முடிந்தவரை வீட்டுக்குப் பக்கத்து மன்றத்திலேயே. வகுப்பு முடிந்தபிறகும் அந்த முகங்களை சந்தையில் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது, சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய திட்டம். வீவக புளோக்குகளுக்கு நடுவே கம்பிவேலி போட்ட சின்னத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் ஆள் இருக்கும். பாண்டான், செரை (எலுமிச்சைப்புல்), மிளகாய் நடுவே கறிவேப்பிலையும் முருங்கையும் நிற்கும். 'அங்கிள், இது எங்கள் ஊர்ச் செடி' என்று ஆரம்பித்தால் போதும். அவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். நீங்கள் முருங்கைக்கீரையை எப்படிப் பொரிப்பீர்கள் என்று சொல்லுங்கள். மலாய்க்கார மாக்சிக் 'டாவுன் காரி' என்று கறிவேப்பிலையைக் கிள்ளிக் கையில் கொடுப்பார். அடுத்த வாரம் அந்தக் கறிவேப்பிலை போட்டுச் செய்த எதையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அசைவம் கலக்காததாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்ற ஆள் தேவைப்படாத தோட்டம் கிடையாது. முறையாகச் சேர வேண்டுமானால் அங்கிருப்பவரிடமே கேளுங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்.

ஓட்டம் பிடிக்குமென்றால், சனிக்கிழமை காலை 7.30-க்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 5 கிலோமீட்டர் பார்க்ரன் நடக்கிறது. கட்டணம் இல்லை, நடந்தும் போகலாம். ஓடி முடித்தவுடன் கிளம்பாமல், காலை உணவுக்குப் போகும் கும்பலோடு போவதுதான் விஷயமே. தொண்டூழியம் விருப்பமென்றால், தினமும் ஏழைகளுக்குச் சமைத்து அனுப்பும் வில்லிங் ஹார்ட்ஸ் போன்ற அமைப்புகளில் காய் நறுக்கப் போகலாம். எதிரெதிரே உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கும்போது யாரும் பேசாமல் இருப்பதில்லை. நூலகமும் நல்ல இடம். வெளிநாட்டவர் புத்தகம் இரவல் பெற ஆண்டுக்கட்டணம் உண்டு, உள்ளே உட்கார்ந்து படிக்க யாருக்கும் கட்டணம் இல்லை.

தங்குவிடுதியில் இருந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் சகோதரர்களுக்கு இதெல்லாம் இவ்வளவு சுலபமில்லை என்று தெரியும். ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருக்கும், அதிலும் துணி துவைக்க, ஊருக்குப் பேச, பணம் அனுப்ப நேரம் போய்விடும். உங்களுக்கு மொழி பழகச் சிறந்த இடம் வேலைத்தளமே. சீன சூப்பர்வைசரிடம் தினம் ஒரு கருவியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்களாதேஷ்காரர், சீன நாட்டவர் என்று கூட வேலை செய்பவர்களும் மொழி தெரிந்த நண்பர்கள்தான். எழுதுகிறவராக இருந்தால், 2014-ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி போன்றவை நடக்கின்றனவா என்று விசாரியுங்கள். அதன்மூலம் பழக்கமான உள்ளூர் எழுத்தாளர்களும் ஊழியர்களும் உண்டு. அதில் தமிழிலும் கவிதை கொடுக்க முடிந்தது.

ஒரே எச்சரிக்கை: அரசியல் கூட்டம், ஊர்வலம் பக்கம் போகாதீர்கள். ஹொங் லிம் பூங்காவில் நடக்கும் கூட்டங்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்ள அனுமதி கிடையாது.

ஐந்தாம் படி: உள்ளூர்த் தமிழர்களோடு பழகுங்கள்

இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. மொழி ஒன்று என்பதால் எல்லாம் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களோ மூன்றாம், நான்காம் தலைமுறை சிங்கப்பூரர்கள். 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று கேட்டால், 'தோ பாயோ' என்று சிங்கப்பூர்ப் பேட்டை ஒன்றின் பெயரே பதிலாக வரும், வரவும் வேண்டும். சாதி, சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இந்த மூன்றையும் தொடாதீர்கள். அவர்கள் பேச்சில் ஆங்கிலமும் மலாயும் கலந்து வரும். அதைத் திருத்தாதீர்கள். 1935-லிருந்து தமிழ் முரசு நாளிதழ் இங்கே வந்துகொண்டிருக்கிறது. நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் தமிழைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்.

நீங்கள் கொடுக்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழியாகத் தமிழ் படிக்கிறார்கள், வீட்டில் பலருக்கு ஆங்கிலம்தான் ஓடுகிறது. பிள்ளையோடு தமிழில் பேச ஆள் கிடைக்காதா என்று ஏங்கும் பெற்றோர் நிறைய. வாரம் ஒரு மணி நேரம் நீங்கள் தமிழில் பேசுங்கள், அவர்கள் உங்களுக்கு மலாயோ சிங்லிஷோ சொல்லித்தரட்டும். ஆனால் இதற்குக் காசு வாங்காதீர்கள். வேலை அனுமதி, அதில் குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்தான். அதோடு கூடுதலாக டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கம் முன்னின்று தமிழ்மொழி விழா நடத்துகிறது. ஒரு மாதம் முழுக்கப் பல அமைப்புகளின் நிகழ்ச்சிகள், பலவற்றுக்கு அனுமதி இலவசம். பார்வையாளராகப் போய் வருவதைவிட, நாற்காலி எடுத்துப் போடவோ, பதிவு மேசையில் உட்காரவோ கேட்டுப் பாருங்கள். நூலகங்களில் கூடும் தமிழ் வாசகர் வட்டங்களும் புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்பவை.

வேறு இனத்தவரோடு மொழி மாற்றிக்கொள்ள டேன்டம், ஹலோடாக் மாதிரி செயலிகள் உண்டு. முதல் சந்திப்பு பொது இடத்தில், பகலில். அரை மணி அவர் மொழி, அரை மணி உங்கள் மொழி, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யாருக்கு எளிதோ அந்த மொழியிலேயே பேச்சு ஓடிவிடும்.

ஆறாம் படி: தெரிந்தவர் நண்பராவது

இங்கே முன்னறிவிப்பில்லாமல் யார் வீட்டுக்கும் போவதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் முன்பே நாள் குறிப்பார்கள். அதை ஒட்டாத தன்மை என்று நினைக்க வேண்டாம். அவர் உங்களுக்காக ஒரு சனிக்கிழமையை ஒதுக்குகிறார். 'ஒரு நாள் சந்திக்கலாம்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'வரும் வியாழக்கிழமை ஏழு மணிக்கு பிடோக்கில் சாத்தே சாப்பிடலாமா?' என்று கேளுங்கள். பேச விஷயம் இல்லையென்றால் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். எங்கே நல்ல லக்சா கிடைக்கும் என்று கேட்டால் பத்து நிமிடம் பேசாத சிங்கப்பூரரை நான் பார்த்ததில்லை.

பில் வந்ததும் பிடுங்கிக் கொடுப்பது நம் பழக்கம். இங்கே அவரவர் பங்கை பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றத்தில் அனுப்பிவிடுவார்கள். அடம் பிடிக்காதீர்கள். 'அடுத்த கோப்பி என்னுடையது' என்று சொல்லிவிடுங்கள், அடுத்த சந்திப்புக்கும் வழி ஆயிற்று. செப்டம்பர், அக்டோபரில் சிலர் காணாமல் போனால், வீட்டில் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறது என்று பொருள். தேர்வு முடிந்ததும் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள்.

ஏழாம் படி: பண்டிகைக்குப் போங்கள், பண்டிகைக்கு அழையுங்கள்

சீனப் புத்தாண்டுக்கு அழைத்தால் வெறுங்கையோடு போகக்கூடாது. இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கையாலும் கொடுங்கள். திரும்பும்போது அவரும் இரண்டு தருவார். கறுப்பு, வெள்ளை உடை வேண்டாம். நீங்கள் திருமணமானவர் என்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் சிறு தொகை கொடுப்பது வழக்கம். நோன்புப் பெருநாள் விருந்தோம்பல் ஷவ்வால் மாதம் முழுக்க நீளும், அதனால் முதல் நாள் போக முடியாவிட்டால் பரவாயில்லை. பலகாரம் வாங்கிப் போனால் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அழைக்காமல், நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பிறகு கேலாங் சிராய் சந்தைக்குச் சேர்ந்து போகலாமா என்று கேளுங்கள்.

பிறகு உங்கள் முறை. தீபாவளிக்கு அழைக்க வேண்டியவர்களுக்கு இரண்டு வாரம் முன்பே நாள், நேரம், வீட்டு எண் எல்லாம் எழுதி அனுப்புங்கள். வாடகை அறை என்றால் முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அறை சின்னதென்றால் கீழ்த்தளத்தில் இருக்கும் கல்மேசையிலோ, பக்கத்து உணவங்காடியிலோ பலகாரத்தோடு உட்காரலாம், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். என்ன சாப்பிட மாட்டீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். சீனர்களிலும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் உண்டு. மலாய் நண்பருக்கு, சைவமாகவே இருந்தாலும், உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் சாப்பிடுவாரா என்று கேட்பதில் தப்பில்லை. வேண்டாம் என்றால் ஹலால் கடையிலிருந்து தனியாக வரவழைத்து, காகிதத் தட்டில் வையுங்கள். அழைப்பில்லாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு தட்டு முறுக்கு போகட்டும். முறுக்கு என்றால் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கதவைத் தட்டி, பெயர் சொல்லி, எத்தனையாவது எண் வீட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.